தாடையில் கம்பி கட்டியிருந்த ஆறு வாரங்கள்

கயிறு அறுந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. வேட்டுப் போட்டது போல இருந்தது என்று பிற்பாடு எல்லோரும் சொன்னார்கள். எனக்குக் கேட்டது என் வாய்க்குள்ளேயே எழுந்த ஒரு சத்தம் மட்டும்தான். பச்சை முருங்கைக்காயை இரண்டாக ஒடித்தால் வருமே, அது.

விடிந்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். மீன்பிடித் தடைக்காலம் தொடங்கச் சில வாரங்களே பாக்கி. பழவேற்காட்டுப் பாலத்தைத் தாண்டிக் கடலோரமாக இருக்கிறது எங்கள் குப்பம். கரையில் மூன்று ஐஸ் வண்டிகள் வந்து நின்றிருந்தன. எங்கள் படகு கானாங்கெளுத்தியை அள்ளிக்கொண்டு வந்திருந்தது. விளிம்பு வரைக்கும் மீன். அலை உடையும் இடத்தில் படகு மணலில் குத்தி நின்றுவிட்டது. ஊர்ப் பொது டிராக்டரைக் கொண்டுவந்தார்கள்.

படகின் மூக்கில் கயிற்றைக் கண்ணியாகப் போட்டுக் கட்டியவர் என் வீட்டுக்காரர் ஏழுமலை. டிராக்டரிலிருந்து வந்த கயிற்றின் கொக்கியை அதில் மாட்டினார்கள். டிராக்டரில் உட்கார்ந்திருந்தவன் வேலு. எங்கள் ஊர்க்காரன், முப்பது வயது, கைக்குழந்தைக்காரன். நான் கயிற்றுக்குப் பக்கத்தில் ஏலம் போடத் தயாராக நின்றிருந்தேன்.

“இழு!” என்று என் வீட்டுக்காரர் கத்தினார். வேலு இழுத்தான். கண்ணி அறுந்தது. கொக்கி திரும்பிப் பறந்து வந்து என் தாடையில் அடித்தது.

ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது என் நினைவில் இருந்தது இதுதான்.

வலித்ததா என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். அந்த நிமிஷம் வலிக்கவில்லை. மணலில் உட்கார்ந்திருந்தேன். என்னவோ சொல்ல வாயெடுத்தேன், மேல் உதடும் கீழ் உதடும் ஒன்றோடொன்று சேரவில்லை. கையை வாயருகே கொண்டுபோனேன். உள்ளங்கையில் மூன்று பற்கள் விழுந்தன. அவை யாருடையவை என்று எனக்குப் புரியவில்லை. சுற்றி நின்ற பெண்களின் முகங்களைப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

கம்பி

பொன்னேரி போய், அங்கிருந்து சென்னைக்குக் கொண்டுபோனார்களாம். எனக்கு நினைவில் இருப்பது ஆம்புலன்ஸின் கூரையும், என் காலைப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு கையும்தான்.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் டாக்டரம்மா வந்தார். என் மகள் திவ்யாவைவிட ஏழெட்டு வயது பெரியவராக இருப்பார்.

“கீழ்த் தாடை ரெண்டு இடத்துல உடைஞ்சிருந்துச்சும்மா. பிளேட் வெச்சிருக்கோம். மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் சேர்த்துக் கம்பியால கட்டியிருக்கு. ஆறு வாரம் வாயைத் திறக்க முடியாது.”

“பேச்சு?” என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

“பேசக் கூடாது. முனகுறதைக்கூடக் குறைச்சிக்கிட்டா நல்லது.”

என் வீட்டுக்காரரும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கண் மூடித் திறக்கும் நேரம்தான். ஆனாலும் நான் கவனித்துவிட்டேன்.

டாக்டரம்மா அவரிடம் ஒரு கட்டிங் பிளேயரைக் கொடுத்தார். எலக்ட்ரீஷியன் வைத்திருப்பது மாதிரியேதான் இருந்தது. “வாந்தி வந்தா வெளிய போக வழி இருக்காது, மூச்சு அடைச்சிடும். உடனே இந்தக் கம்பி, அப்புறம் இந்தக் கம்பி, இந்த வரிசையில வெட்டிடணும். யோசிச்சிக்கிட்டு நிக்கக் கூடாது.”

எந்தக் கம்பி முதலில் என்று நாலு முறை கேட்டுக்கொண்டார் அவர். பிறகு அதை லுங்கி மடிப்பில் செருகிக்கொண்டார். ஆறு வாரமும் அது அங்கேயேதான் இருந்தது. குளிக்கப் போனால் திவ்யா கையில் கொடுத்துவிட்டுப் போவார்.

ஒருநாள் கழிவறைக் கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கீறல். கன்னமும் கழுத்தும் ஒரே வீக்கம். உதட்டை விரலால் விலக்கினால், இறால் பண்ணை வேலி போலப் பல் வரிசை முழுக்கக் கம்பி. பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று திரும்பினேன். யாரும் இல்லை.

காது கேளாத வீடு

என் குரலைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது.

நான் பிறந்தது எளாவூர்ப் பக்கம், ஏரியோரம். எங்கள் நைனாவுக்கு இரண்டு காதும் மந்தம். ஒரு டம்ளர் தண்ணீர் வேண்டுமா என்று கேட்பதற்கும் கத்த வேண்டும். ஐந்து பிள்ளைகள், அம்மா, எல்லோரும் கத்துவோம். சண்டை என்று நினைத்து வழியில் போகிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். உள்ளே நாங்கள் சோறு பரிமாறிக்கொண்டிருப்போம்.

அந்தக் குரலோடுதான் இந்தக் குப்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். ஏலம் போட்டுக்கொண்டிருந்தவருக்குத் தொண்டை கட்டிய ஒரு காலையில், கூட்டத்துக்குள்ளிருந்து நான் விலையைக் கத்தி எடுத்துக் கொடுத்தேன். அன்றைக்கு மீன் நல்ல விலைக்குப் போனது. அடுத்த நாளும் என்னையே கூப்பிட்டார்கள். அப்புறம் நான் நிறுத்தவில்லை. ஏலம் முடிந்த பிறகும் நிறுத்தவில்லை. வீட்டிலும் ஏலக் குரல்தான். பெண்ணைப் பள்ளிக்கு அனுப்புவது, குழம்புக்கு உப்புக் கேட்பது, கட்டிக்கொண்டவரைத் திட்டுவது எல்லாம் ஒரே சுருதி.

பேசாத மாப்பிள்ளை என்று சொல்லித்தான் அவரை எனக்குக் கட்டிவைத்தார்கள். அவர் பேசாதவர் என்றே நானும் இருபத்து மூன்று வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். இடையில் பேச அவருக்கு இடம் எங்கே இருந்தது என்று நான் யோசித்ததில்லை.

நோட்டு

மூன்றாம் நாள் திவ்யா ஒரு கோடு போட்ட நோட்டும் பேனாவும் வாங்கிவந்தாள். “எதுனா சொல்லணும்னா எழுதும்மா” என்றாள்.

நான் பத்தாவது வரை படித்தவள். எழுத வரும். என் வீட்டுக்காரருக்கு எழுத்து தெரியாது, கையெழுத்து மட்டும் போடுவார். ஆகவே அவருக்கு நான் எழுதுவதைத் திவ்யாதான் படித்துச் சொல்ல வேண்டும்.

முதல் பக்கத்தில் எழுதியது இன்னும் என்னிடம் இருக்கிறது. ‘உன் நைனாவுக்கு ஒரு கயிறு கட்டத் தெரியாதா? முப்பது வருஷமாக் கடல்ல என்னத்தைக் கிழிச்சான்? இழுன்னு சொல்ல வாய் வந்துச்சே, கட்டக் கை வரலியா? என் எதிர்ல நிக்க வேணாம்னு சொல்லு.’

பேனா தாளைக் கிழிக்கும் அளவுக்கு அழுத்தி எழுதியிருந்தேன். நோட்டை மகளிடம் நீட்டி, அவரைக் கை காட்டினேன்.

திவ்யா படித்தாள். ஒரு நிமிஷம் தாளையே பார்த்தாள். பிறகு தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்:

“நைனா, நீ சாப்ட்டியானு கேக்குது அம்மா.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கட்டிலைத் தட்டினேன்.

அவர் பயந்துபோய், “சாப்ட்டேம்மே, சாப்ட்டேன்” என்றார்.

நான் மறுபடி தட்டினேன். நோட்டைப் பிடுங்கி அந்த வரிகளின் மேல் விரலால் குத்திக் காட்டினேன்.

“சரி, சரி, கோச்சிக்காத. பொய் சொல்ட்டேன். காலைலேர்ந்து சாப்டல. தோ, போய்ச் சாப்ட்டு வந்துட்றேன்.”

எழுந்தவர் கதவருகே நின்றார். மகளைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் சொன்னார், “உங்கம்மா இப்டி என்னைக் கேட்டதே இல்ல, தெரியுமா?” கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

தாடையில் கொக்கி அடித்தது ஓர் அடி என்றால் இது இன்னோர் அடி. நான் கேட்டதே இல்லையா? மனதுக்குள் துழாவிப் பார்த்தேன். ‘வந்து தின்னு’ என்று தினமும் கத்தியிருக்கிறேன். கேட்டதாக ஒரு நாள்கூட நினைவுக்கு வரவில்லை.

‘ஏன் மாத்திப் படிச்சே?’ என்று மகளுக்கு எழுதினேன்.

அவள் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். “நீ பேசினா என்னால ஒண்ணும் பண்ண முடியாதும்மா. எழுதினா மாத்தலாம். சின்ன வயசுலேர்ந்தே மாத்தணும்னு எனக்கு ஆசை.”

இதை அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள். பொன்னேரியில் கல்லூரிக்குப் போகிற பெண். பஸ் இன்றைக்குத் திருப்பாலைவனத்தில் ரொம்ப நேரம் நின்றுவிட்டது என்று சொல்வாளே, அதே குரல்.

நான் கொடுத்த காகிதம்

இத்தோடு நான் திருந்திவிட்டேன் என்று எழுத ஆசைதான். நடந்தது அப்படி இல்லை.

மகள் மாற்றிப் படிக்கிறாள் என்று தெரிந்ததும் எனக்கு வெறிதான் ஏறியது. பத்தாம் நாள் ஊர்த் தலைவர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். அவர் படித்தவர். ஒரு பக்கம் எழுதி நேராக அவர் கையிலேயே கொடுத்தேன். ‘என் வீட்டுக்காரர் கண்ணியைச் சரியாகக் கட்டாமலே இழு என்று கத்தினார். அவரை நான் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் வேலு பார்த்து இழுத்திருக்க வேண்டும். இனி அவன் நம் கரையில் டிராக்டர் எடுக்கக் கூடாது. எடுத்தால் நான் அந்தக் கரையில் ஏலம் போட மாட்டேன்.’

தலைவர் அதை உரக்கப் படித்தார். என் வீட்டுக்காரர் பதறிப்போனார்.

“வேணாம்மே. அந்தப் பையன் இன்னா பண்ணுவான்? நான்தான் கட்டினேன். தலைவரே, ஊர்ல கேட்டா என் தப்புனே சொல்லுங்க. அவன விட்டுடுங்க.”

எப்போதும் போல இளகிப்போகிறார் என்று நினைத்தேன். தலையணையில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அடிபட்டவள் பேச்சுக்கு ஊரில் மதிப்பு இருந்தது. அந்த வாரமே ஊர்க்கூட்டம் போட்டு வேலுவிடம் டிராக்டர் சாவியைத் திருப்பி வாங்கிவிட்டார்கள். செய்தி வந்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒளிக்காமல் எழுதுகிறேன்.

ஊமை வீட்டில்

வீட்டுக்கு வந்த பிறகு என் சாப்பாடு ஊசியில்லாத சிரிஞ்சில். கஞ்சித் தண்ணீர், பருப்புத் தண்ணீர், வடிகட்டிய மீன் குழம்பு. பல் விழுந்த சந்தில் சிரிஞ்ச் முனையை வைத்து அவர்தான் மெல்ல அழுத்துவார். போன மூன்று பற்கள்தான் எனக்குச் சோறு போட்டன என்று சொல்ல வேண்டும்.

பேச முடியாதவளுக்குக் காதும் கேட்காது என்று சனங்கள் எப்படியோ முடிவு செய்துவிடுகிறார்கள். பார்க்க வந்தவர்கள் என் முன்னாலேயே பேசினார்கள். “கரை இப்ப எவ்ளோ நிம்மதியா கீது பாரு” என்றாள் ஒருத்தி. “ஏழுமலை அண்ணன் முகம் தெளிஞ்சிருக்குது” என்றாள் கூட வந்தவள். நான் இரண்டடி தள்ளித்தான் படுத்திருந்தேன்.

அதைவிட அதிர்ச்சி, என் வீட்டுக்காரர் பேசினார். சிரிஞ்சை அழுத்திக்கொண்டே பேசுவார். ஏரியில் தண்ணீர் நிறம் மாறியது, முகத்துவாரம் தூர்ந்துகொண்டே வருவது, சின்ன வயதில் கடலில் தவறி விழுந்தது என்று என்னென்னவோ. எனக்குத் தெரியாத கதைகள். முதல் சில நாள் எரிச்சலாக இருந்தது. நாலாவது வாரம் கஞ்சி நேரத்துக்காகக் காத்திருந்தேன்.

நானும் எழுதிக்கொண்டே இருந்தேன். முதல் நோட்டு முழுக்கத் திட்டு. இரண்டாவதில் திட்டு குறைந்து, பார்த்ததும் கேட்டதும் வந்தன. இந்தப் பத்திரிகையில் எழுதுகிற அளவுக்கு எனக்குக் கை பழகியது அப்படித்தான்.

நாற்பத்தெட்டு நொடி

ஐந்தாவது வாரத்தில் ஒருநாள் பகலில் வீட்டில் நான் மட்டும் இருந்தேன். மாற்றுப் புடவை தேடிப் பீரோவைக் குடைந்தபோது, துணிக்கு அடியில் என் செல்போன் இருந்தது. அடிபட்ட அன்று மணலில் விழுந்து கெட்டுப்போனது என்று சொல்லியிருந்தார்கள். சார்ஜ் போட்டேன். நன்றாகவே வேலை செய்தது.

மீன் வியாபாரிகளின் வாட்ஸ்அப் குழுவில் நூற்றுக்கணக்கான செய்திகள். மேலே தள்ளிக்கொண்டே போனேன். அந்தக் காலைக்கு வந்தேன். ஐஸ் வண்டிக்காரர் ஒருவர் மீனைப் பார்த்து ஆசைப்பட்டு எடுத்த வீடியோ. ‘இன்னிக்கு சரக்கப் பாருங்க’ என்று போட்டிருந்தார். நாற்பத்தெட்டு நொடி.

முதலில் படகு. வெயிலில் பளபளக்கிற மீன். பிறகு கரை. நான் தெரிகிறேன். இழுபட்டு நிற்கும் கயிற்றுக்கு ஒரு முழத் தூரத்தில், யாரும் நிற்கக் கூடாத இடத்தில் நிற்கிறேன். என் வீட்டுக்காரர் இடுப்பளவு தண்ணீரில் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டுகிறார்.

“நிறுத்து! நிறுத்து! மீன எறக்கிட்டு இழுக்கலாம்! இவ்ளோ பாரம் தாங்காது! கஸ்தூரி, தள்ளிப் போ!”

அதற்கு மேலே, அதை அப்படியே விழுங்கிக்கொண்டு, ஒரு குரல்.

“எறக்குற நேரத்துல வெல எறங்கிடும்! அப்டியே இழுடா வேலு! இழுடான்றேன்!”

என் குரல்.

டிராக்டர் உறுமுகிறது. கயிறு நாண் போல விறைக்கிறது. அப்புறம் போன் கீழே விழுந்துவிட்டது போல. வெறும் வானம். வானத்தின் மேல் ஓர் ஓலம். “கஸ்தூரீ” என்று ஓர் ஆண் அலறுகிறான். யார் என்று எனக்குத் தெரியவில்லை. மூன்றாம் முறை ஓட்டியபோதுதான் அது என் வீட்டுக்காரர் என்று விளங்கியது. அவர் குரல் இப்படி உயர்ந்து நான் கேட்டதே இல்லை.

தாடைக்குள் கம்பி இழுத்தது. கத்த வேண்டும் போல இருந்தது, முடியவில்லை. மூக்கு வழியாக வந்த சத்தம் எனக்கே பயமாக இருந்தது.

‘இழு’ என்று அவர் கத்தியதை நான் என் காதால் கேட்டேன். சத்தியம் கேட்டிருந்தால் செய்திருப்பேன். அவர் முகம், தண்ணீர், வாய் அசைந்த விதம் எல்லாம் அத்தனை தெளிவாக நினைவில் இருந்தன. அது நடக்கவே இல்லை. என் மண்டை அதைத் தானாகவே செய்து எனக்குக் கொடுத்திருக்கிறது. இந்தத் தொடரில் இதுவரை நான் எழுதியிருப்பதையும் நீங்கள் கொஞ்சம் சந்தேகத்தோடே படித்துக்கொள்ளுங்கள்.

அவர் வந்ததும் போனை நீட்டினேன். பார்த்ததும் தெரிந்துகொண்டார்.

“எல்லார்கிட்டயும் அழிக்கச் சொல்லிட்டேனே. இதுல எப்டி அழிக்கறதுனு தெரியல, ஒளிச்சு வெச்சேன்.” தரையில் உட்கார்ந்தார். “உனக்கு எதுக்கும்மே அது? அடியும் பட்டு, பழியும் நீயே தூக்கணுமா? நான்தானே கட்டினேன், என் மேலயே இருக்கட்டும்னு உட்டுட்டேன்.”

அன்றைக்கு நான் நோட்டைத் தொடவில்லை.

மாற்றாமல் படி

மறுநாள் எழுதினேன். ஏழு தடவை அடித்துத் திருத்தி எழுதினேன். திவ்யாவிடம் கொடுத்து, மேலே பெரிய எழுத்தில் ‘ஒரு எழுத்துகூட மாத்தாமப் படி’ என்று போட்டேன்.

வலை பின்னும் கொட்டகையில் ஊர்க்கூட்டம். பெண்கள் அங்கே வந்து உட்காருவதில்லை. நான் போய் முன்னால் உட்கார்ந்தேன். கீழ் முகம் வீங்கி, வாய் கட்டியிருந்த என்னைப் பார்த்து யாருக்கும் எழுந்துபோகச் சொல்லத் தோன்றவில்லை.

திவ்யா எழுந்து நின்று படித்தாள்.

“நான் தலைவரிடம் கொடுத்த காகிதத்தில் இருந்தது தப்பு. இழு என்று சொன்னது என் வீட்டுக்காரர் இல்லை. அவர் நிறுத்தச் சொன்னார். இழுக்கச் சொன்னது நான். நிற்கக் கூடாத இடத்தில் நின்றதும் நான். நான் பொய் சொல்லவில்லை. ஆனால் நான் சொன்னது உண்மை இல்லை. வீடியோ இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். வேலுவுக்கு டிராக்டரைத் திருப்பிக் கொடுங்கள். அவனிடம் இந்த ஊர் முன்னால் மன்னிப்புக் கேட்கிறேன்.”

கடைசி வரி வரை ஓர் எழுத்தைக்கூட அவள் மாற்றவில்லை.

பின்னாலிருந்து ஒருவர், “நம்ம கஸ்தூரிக்காவா? தப்புனு சொல்லுதா?” என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டது தெளிவாகக் காதில் விழுந்தது.

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “சரிம்மா. வேலு நாளைலேர்ந்து வண்டிய எடுக்கட்டும்.”

அப்போது வேலுவின் அண்ணன் எழுந்தார். “அவன் எங்க வரப்போறான்? போன வாரமே காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குப் போயிட்டான். காண்ட்ராக்ட் வேல. கொழந்தக்குப் பால் வாங்கணுமே.”

துறைமுகத்தை இன்னும் பெரிதாக்க வேண்டாம் என்று எங்கள் ஊர் எழுதிய அட்டைகள் அதே கொட்டகையின் மூங்கிலில் செருகியிருந்தன. ஊர்வலத்தில் எங்களுக்கு முன்னால் அட்டை பிடித்து நடந்தவன் வேலு. எல்லோரும் அந்த மூங்கிலைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

என் ஒரு பக்கக் காகிதம் அவனை எங்கே கொண்டுபோய் விட்டிருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. இன்னொரு காகிதத்தால் அதை இழுத்துக்கொண்டுவர முடியாது.

வேன் நிற்கும் இடத்தில்

கம்பியை அவிழ்த்த அன்று டாக்டரம்மா, “இப்ப ஏதாவது சொல்லுங்கம்மா” என்றார். வாய் ஒரு விரல் அளவுதான் திறந்தது. தாடை எனக்குச் சொந்தமில்லாத ஏதோ சாமான் போல இருந்தது. ஐஸ்கிரீம் குச்சிகளைப் பல்லுக்கு நடுவே அடுக்கி, வாரத்துக்கு ஒன்று கூட்டிப் பழக வேண்டும் என்றார். மூன்றாவது குச்சிக்கு வந்தபோது பேச்சு ஓரளவு புரியும்படி ஆனது. தாழ்ந்த குரலில்தான். உரக்கப் பேசினால் காது வரைக்கும் வலி பாய்ந்தது.

ஒரு காலையில் என் வீட்டுக்காரரை பைக் எடுக்கச் சொல்லி, பழவேற்காடு கடைத்தெருவுக்குப் போனேன். துறைமுக வேலைக்குப் போகிறவர்கள் அங்கேதான் வேனுக்கு நிற்பார்கள். வேலு மஞ்சள் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு டீக்கடை ஓரம் நின்றிருந்தான். என்னைப் பார்த்ததும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டான்.

அவர் பைக்கோடு தள்ளியே நின்றுகொண்டார். நான் மட்டும் போனேன்.

“வேலு. தப்பு என் மேல. ஊருக்குச் சொல்ட்டேன். உனக்கு என் வாயால சொல்லணும்னு வந்தேன்.”

ஒரு மாதமாக வீட்டில் சொல்லிப் பழகிய வாக்கியங்கள். அப்படியும் ‘ப’வும் ‘ம’வும் சரியாக விழவில்லை.

அவன் என் வாயையே பார்த்தான். “வலிக்குதாக்கா?”

“பேசினா வலிக்குது.”

“அப்ப பேசாதீங்க. நான் சொல்றேன்.” அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டான். “அன்னிக்கு உங்க சத்தம் எனக்குக் கேக்கவே இல்லக்கா. அந்த இன்ஜின் சத்தத்துல எதுவும் கேக்காது, கையப் பாத்துத்தான் ஓட்டுவேன். ஏழுமலை அண்ணன் ரெண்டு கையும் தூக்குனாரு. நிறுத்துனு அர்த்தம். எனக்குத் தெரியும். இன்னும் ஒரு மிதி மிதிச்சா ஏறிடும்னு தோணுச்சு. மிதிச்சேன்.”

அவன் தொப்பியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டான்.

“கூட்டத்துல அண்ணன் தன் மேல போட்டுக்கினாரு. நான் வாயத் தொறக்கல. பயம். சாவிய வாங்கினப்ப, சரிதான், நமக்கு இது வேணும்னுதான் குடுத்தேன். நீங்க இன்னா மன்னிப்புக் கேக்கறது?”

வேன் வந்து ஹாரன் அடித்தது. தொப்பியை மாட்டிக்கொண்டான். “சூடா எதுவும் சாப்டாதீங்கக்கா, காயம் ஆறட்டும்” என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டான்.

அவன் சொன்னது உண்மையா, என் மனம் ஆறட்டும் என்று சொன்னதா, இன்றுவரை எனக்குத் தெரியாது. வீடியோவில் அவன் முகம் தெரியவில்லை. வேலு இன்னமும் துறைமுகத்துக்குத்தான் போய்வருகிறான்.

எவ்வளவு நேரம் அங்கே நின்றேனோ. என் வீட்டுக்காரர் பைக்கைத் தள்ளிக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

“இன்னாமே சொன்னான்?”

வழக்கமாக இருந்தால் அவன் வேன் ஏறுவதற்கு முன்பே கடைத்தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லியிருப்பேன். அவரைப் பார்த்தேன். அந்தக் காலையைப் பற்றி வேலு சொல்லிக் கேட்டாகிவிட்டது. எழுதியாகிவிட்டது. ஊர் முன்னால் படித்தாகிவிட்டது. கயிற்றைக் கட்டி, கையைத் தூக்கி, என் பேரைச் சொல்லி அலறிய மனுஷனை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“அப்புறம் சொல்றேன்” என்றேன். “மொதல்ல நீ சொல்லு. அன்னிக்கு இன்னா நடந்துது?”

“இப்ப எதுக்கும்மே அது?”

“சொல்லுய்யா. மொதல்லேர்ந்து.”

அவர் பைக்கை ஸ்டார்ட் செய்யவில்லை. தள்ளிக்கொண்டே நடந்தார். பாலத்தில் பாதி தூரம் வரை பேச்சே இல்லை. கீழே ஏரித் தண்ணீர் அசையாமல் கிடந்தது. நான் அவசரப்படுத்தவில்லை.

“அன்னிக்குக் கெளம்பும்போதே,” என்று ஆரம்பித்தார், “காத்து சரியில்ல...”

காற்றைச் சொன்னார். வலையை எங்கே போட்டார்கள், கூட வந்தவர்கள் என்ன பேசினார்கள், முதல் மீன் எப்படித் துள்ளியது என்று சொன்னார். பாலம் முடிந்தது. மணல் பாதை முடிந்தது. வீட்டு வாசலில் பைக்கைச் சாய்த்து நிறுத்திவிட்டு, நின்றபடியே சொல்லிக்கொண்டிருந்தார். படகு இன்னும் கரைக்கு வந்து சேரவில்லை.

நான் குறுக்கே பேசவில்லை.